தலைமடையிலிருந்து கடைமடை வரை சைக்கிளில்: ஸ்ரீரங்கம் முதல் கோடியக்கரை வரை வழி சொல்லுங்கள்

தீவுவாசி எழுதியது:

வணக்கம். ஊர் ஸ்ரீரங்கம், பிழைப்பு சென்னையில். கூட வேலை பார்ப்பவர்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு இலங்கை, பாலி என்று தீவு சுற்றப் போகிறார்கள். நானும் அதற்காகப் பணம் சேர்க்கத் தொடங்கினேன். அப்புறம்தான் உறைத்தது, நான் பிறந்ததே தீவில்தானே. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன, கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் இருப்பது தீவு இல்லாமல் வேறென்ன?

அம்மா மண்டபம் படித்துறையில் குளித்து வளர்ந்தவன். ஆனால் அந்தத் தண்ணீர் கடலில் சேரும் இடத்தை இதுவரை பார்த்ததில்லை. பொங்கல் முடிந்த கையோடு கிளம்பிக் கடல் வரை போய், அப்படியே கரையைப் பிடித்துக் கோடியக்கரையில் முடிக்கலாம் என்று ஆசை. கையில் நாலு நாள் இருக்கிறது. ரோடு பைக், 25 மி.மீ. டயர். போனில் வழி கேட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று நெடுஞ்சாலையையே காட்டுகிறது. அதிலேயே போய்விடலாமா?

கடைமடையான் எழுதியது:

தம்பி, நெடுஞ்சாலையில் போனால் நாகப்பட்டினம் போய்ச் சேரலாம், ஆற்றைப் பார்க்க முடியாது. பாலம் வரும்போது இடது பக்கம் ஒரு நொடி, வலது பக்கம் ஒரு நொடி, அவ்வளவுதான். அதற்கு பஸ்ஸிலேயே போகலாமே.

ஆற்றோடு போகிற வழி இருக்கிறது. திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணை. இது உங்கள் தீவின் முதுகெலும்பு மாதிரி, இரண்டு பக்கமும் வாழை. வெள்ளக் காலத்தில் உத்தமர்சீலி தரைப்பாலம் முழுகிவிடும், தை மாதத்தில் அந்தக் கவலை இல்லை. கல்லணையிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. பிறகு கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். அங்கிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. கடைசியாக மேலையூர், பூம்புகார். சுமார் 150 கி.மீ. வரும். பூம்புகாரிலிருந்து கோடியக்கரைக்கு இன்னும் 125 பக்கம். நாலு நாளில் தாராளமாக முடியும்.

ஒன்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரியும். திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடும். இப்படி வழியெல்லாம் பாகப்பிரிவினைதான். அகன்ற காவிரியாகப் பார்த்தவர் மயிலாடுதுறையில் அதையே பார்த்தால் இதுதானா அது என்பார். எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். பிரித்துப் பிரித்து மிஞ்சியது எங்களுக்கு வரும், வந்தால்.

எதிர்க்காற்று எழுதியது:

வழியில் குறை இல்லை. மாதத்தில்தான் குறை.

நான் தஞ்சாவூர், 12 வருடமாக இந்தச் சாலைகளில் மிதிக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் "டெல்டாதானே, சமதளம், சும்மா போய்விடலாம்" என்பார்கள். திருச்சியிலிருந்து கடல் வரை மொத்தமாகச் சேர்த்தாலும் நூறு மீட்டர் இறக்கம் கிடையாது. ஆற்றோடு போகிறோம், இறக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அந்த இறக்கம் தண்ணீருக்குத் தெரியும், உங்கள் தொடைக்குத் தெரியாது. இங்கே மேடு என்றால் காற்றுதான். மலையிலாவது ஏறி முடித்தால் இறக்கம் உண்டு.

ஆனி, ஆடியில் மேல்காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சைக்கிள் பறக்காதா? அப்போது கிழக்கே கிளம்பினால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, அப்புறம் சில நாளில் கல்லணை திறக்கும். ஆற்றில் புதுத்தண்ணீரும் முதுகில் காற்றும் சேர்ந்து கிடைக்கும். தை மாதத்தில் வடகிழக்குக் காற்று. ஸ்ரீரங்கத்திலிருந்து பூம்புகார் வரை மூக்கிலேயே அறையும். தையில்தான் போக வேண்டும் என்றால் கோடியக்கரையில் தொடங்கி மேற்கே வாருங்கள்.

கடைமடையான் எழுதியது:

ஆற்றை வாலிலிருந்து தலைக்குப் பார்க்கச் சொல்கிறீர்களா? அவர் ஆசையே தண்ணீரோடு போவதுதானே.

எதிர்க்காற்று எழுதியது:

ஆசை காற்றைத் திருப்பாது அண்ணா.

அரசலாற்றங்கரை எழுதியது:

இருவரும் பொறுங்கள். தை மாதத்தில் விடிகாலையில் உள்நாட்டில் காற்றே இருக்காது, பனிதான் இருக்கும். ஒன்பது பத்து மணிக்கு மேல்தான் கிளம்பும். ஐந்தரைக்கு முன்விளக்கு, பின்விளக்கு போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்து மணிக்குள் 60, 70 கி.மீ. ஓட்டிவிடலாம். முதல் நாள் கும்பகோணம், இரண்டாம் நாள் பூம்புகார். பிறகு கடற்கரைச் சாலை தெற்கே திரும்புகிறது. அதே வடகிழக்குக் காற்று அங்கே உங்கள் கூட்டாளி ஆகிவிடும். ஆக இரண்டு நாள் விடிகாலையில் எழுந்தால் போதும்.

தீவு என்றீர்களே தம்பி, ஸ்ரீரங்கத்தோடு அது முடிந்துவிடவில்லை. எங்கள் கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. அணைக்கரையில் கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு திட்டை விட்டுவைத்திருக்கிறது. டெல்டா முழுக்கவே சின்னதும் பெரியதுமாகத் தீவுகள்தான், பாலம் கட்டியதால் நமக்கு மறந்துவிட்டது.

இன்னொன்று. சோழநாட்டில் பாடல் பெற்ற சிவத்தலங்களைக் காவிரி வடகரை 63, தென்கரை 127 என்று பிரித்து வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களின் வரிசை அது. தென்கரைக் கணக்கு குளித்தலைப் பக்கம் ஐயர்மலையில் தொடங்குகிறது. 125 திருமறைக்காடு, அதாவது வேதாரண்யம். 126 அகத்தியான்பள்ளி. 127 எது தெரியுமா? கோடி, உங்கள் கோடியக்கரைதான். நீங்கள் போன வாரம் யோசித்த வழியை அவர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

கும்பகோணம் வந்தால் காலை இட்லிக்குக் கடப்பா கேட்டுச் சாப்பிடுங்கள். டிகிரி காபி என்று நெடுஞ்சாலையோரம் பித்தளை டபராவை அடுக்கி வைத்திருக்கும் கடைகளை நம்ப வேண்டாம். ஊருக்குள் வந்து குடியுங்கள்.

வழிப்போக்கன் 77 எழுதியது:

போன பிப்ரவரியில் மன்னார்குடி பக்கம் ஓட்டப் போய் நொந்துவிட்டேன். சாலையில் பாதி நெல். காய வைத்து, சுற்றிலும் கருங்கல்லை வேறு அடுக்கியிருக்கிறார்கள். அந்தி மயங்கிய நேரத்தில் கல் தெரியாமல் முன்சக்கரம் ஏறி விழுந்தேன், மணிக்கட்டில் மாவுக்கட்டு. கொஞ்ச தூரத்தில் ஒருவர் வைக்கோலைப் பரப்பி வைத்திருந்தார், அது பின்சக்கரப் பல்லில் கயிறாகச் சுற்றிக்கொண்டது. சாலை என்ன இவர்கள் அப்பன் வீட்டுக் களமா?

கடைமடையான் எழுதியது:

கை பட்டதற்கு வருந்துகிறேன் தம்பி. அந்தக் கல் வைப்பது எனக்கும் பிடிக்காது, எங்கள் தெருவிலேயே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் கடைசியாகக் கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சில வருடம் தளர்த்துவார்கள், அதுவும் கேட்டு வாங்குவதற்குள் பாதி முளைத்துவிடும். அறுவடை இயந்திரம் ஒரே நாளில் ஊரையே அறுத்துக் கொட்டிவிடுகிறது. முன்பு ஆள் வைத்து அறுத்து, கட்டி, அடித்து, ஒரு வாரம் ஆகும். அதற்குள் பாதி காய்ந்துவிடும். இப்போது அத்தனை நெல்லையும் ஒரே நேரத்தில் காயவைக்கக் களம் எங்கே இருக்கிறது? தார்ச் சாலைதான் சூடாக இருக்கும் ஒரே இடம்.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு வழி. அறுவடை தொடங்கிவிட்டால் வெயில் ஏறுவதற்கு முன் ஓட்டி முடியுங்கள், அந்த நேரத்தில் நெல் குவியலாக மூடிக் கிடக்கும். அந்தி நேரத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள். நெல்லின் மேல் ஏற்ற வேண்டி வந்தால் இறங்கித் தள்ளுங்கள். பார்த்துக்கொண்டிருக்கிற கிழவி திட்டமாட்டாள், மோர் கொடுப்பாள்.

வழிப்போக்கன் 77 எழுதியது:

17 சதவீதக் கணக்கு தெரியாது ஐயா. அப்பன் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கல்லை வாங்கமாட்டேன்.

உப்பளத்துக்காரி எழுதியது:

எல்லோரும் ஆற்றிலேயே நிற்கிறீர்கள், கடற்கரைக்கு வாருங்கள். வேதாரண்யத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாகப்பட்டினம் வரை பல முறை தனியாக ஓட்டியிருக்கிறேன், அதுவும் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் பழகி வந்தவள்தான்.

பூம்புகாரிலிருந்து திருக்கடையூர் வழி தரங்கம்பாடி 20 கி.மீ. சொச்சம். டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. அங்கே அரை மணி நேரம் கட்டாயம் உட்காருங்கள். கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பது கோயிலைப் பார்த்தால் புரியும்.

நண்டலாறு தாண்டினால் காரைக்கால், புதுச்சேரி ஆட்சி. டீக்கடை குறைந்து வேறு கடைகள் கூடும். சாயங்காலம் அந்த இடத்தில் இரு சக்கர வாகனங்கள் எந்தப் பக்கம் வரும் என்று வண்டிக்கே தெரியாது, ஆகவே முற்பகலில் கடந்துவிடுங்கள். காரைக்காலில் அரசலாற்றுப் பாலம், நாகூரில் வெட்டாற்றுப் பாலம். இந்தப் பாலங்கள்தான் உங்கள் பயணத்தின் மலைகள். நாகூரில் வாடா என்று இறால் வைத்த வடை கிடைக்கும், சாயங்காலப் பலகாரம். நேரம் பொருந்தினால் விடாதீர்கள்.

நாகப்பட்டினம் முதல் வேளாங்கண்ணி வரை லாரி, வேன், பஸ் எல்லாம் உண்டு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, அப்போது சாலை நிறைய நடந்து போகிறவர்கள். அவர்களோடு மெதுவாக உருட்டிக்கொண்டு போவது தனி அனுபவம். ஆனால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது ஆகாது.

வேளாங்கண்ணி தாண்டி, திருப்பூண்டிக்குப் பிறகு சாலை எங்களுடையது. பரபரப்பு அடங்கிவிடும். ஆனால் நிழல் இல்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. தென்னை, மா, சாலையோரப் புளி எல்லாம் ஒரே இரவில் படுத்துவிட்டன. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு மர நிழலை நம்பி வராதீர்கள். இரண்டு பாட்டில் போதாது, மூன்று வையுங்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குழாயைப் பார்த்ததும் நிரப்பாமல் கடையில் கேட்டு நிரப்புங்கள்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: பெட்ரோல் நிலையக் கழிப்பறைகளை நம்பித்தான் நான் தூரத்தைப் பிரிப்பேன். வேளாங்கண்ணியில் வசதி உண்டு. அதன் பிறகு வேதாரண்யம் வரை 45 கி.மீ., இடையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எதிர்க்காற்று எழுதியது:

அக்கா சொன்னதோடு டயர் விஷயமும். 25 மி.மீ. டயர் நெடுஞ்சாலைக்குச் சரி. ஆற்றங்கரைச் சாலைகளில் தார் பாதி, சரளை மீதி. மதகுக்கு மதகு வேகத்தடை வேறு. சைக்கிளில் இடம் இருந்தால் 32 போடுங்கள், குறைந்தது 28. சீமைக் கருவேல முள் கடற்கரை நெடுகக் கிடக்கும். டியூப் மூன்று, ஒட்டு, கைப்பம்பு. முக்கியமாக, உங்கள் சைக்கிளில் இருப்பது மெல்லிய வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் மாட்டாது. நிப்பிள் மாதிரி ஒரு பித்தளை மாற்றி கிடைக்கும், நகரத்திலேயே வாங்கி வால்வில் திருகி வைத்துவிடுங்கள். இது இல்லாமல் நான் ஒரு முறை எட்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். கடைக்காரர் நல்லவர், காற்று இருந்தது, வால்வுதான் பொருந்தவில்லை.

அரசலாற்றங்கரை எழுதியது:

கடற்கரை வேண்டாம், உள்ளேயே போகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு மாற்று வழி. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்தாரே, அந்த வழி. கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். சுமார் 240 கி.மீ. ஏப்ரல் 28இல் போய்ச் சேர்ந்தார்கள், 30இல் உப்பெடுத்தார்கள். சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று எங்கள் தாத்தா காலத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

சித்திரை வெயிலில் நடந்திருக்கிறார்கள். நாம் தை மாதக் காற்றுக்கு இவ்வளவு பேசுகிறோம்.

தீவுவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 28 டயர் போட்டாயிற்று, பித்தளை மாற்றி வாங்கியாயிற்று. தண்ணீரோடுதான் போகிறேன், எதிர்க்காற்று அண்ணா மன்னிக்கவும். வந்து எழுதுகிறேன்.

தீவுவாசி எழுதியது:

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முதல் நாள் ஐந்தரைக்குக் கிளம்பினேன். உத்தமர்சீலி வரை பனியில் முன்சக்கரமே தெரியவில்லை, வாழைத்தோட்டத்துக் கிணற்று மோட்டார் சத்தத்தை வைத்துத்தான் சாலை எங்கே இருக்கிறது என்று ஊகித்தேன். கல்லணையில் விடிந்தது. பாலத்தின் மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாலு பக்கமும் போகிற தண்ணீரைப் பார்த்தேன். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவாக வந்த இடம்தான். அப்போது கரிகாலன் சிலையைப் பார்த்தேனே தவிர, தண்ணீர் எப்படிப் பங்காகிறது என்று பார்க்கவில்லை.

திருவையாற்றில் அசோகா. சூடாக, இலையில். பாசிப்பருப்பில் இவ்வளவு நெய்யைக் குடிக்கவைக்க முடியும் என்று நினைத்ததில்லை. அதைத் தின்றுவிட்டு உடனே மிதிக்கக் கூடாது என்பதை கபிஸ்தலத்தில் தெரிந்துகொண்டேன். பதினொரு மணிக்குக் கும்பகோணம்.

இரண்டாம் நாள் தூங்கிவிட்டேன். ஏழரைக்குக் கிளம்பினேன், குத்தாலத்தில் காற்று பிடித்துக்கொண்டது. எதிர்க்காற்று அண்ணா, உங்கள் பெயரைச் சொல்லித் திட்டியபடியே மணிக்கு 14 கி.மீ.யில் போனேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பின்னால் தங்கையை உட்காரவைத்துக்கொண்டு என்னை முந்திப் போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலையூரில் கடையணையைப் பார்த்தேன். காவிரியின் கடைசித் தடுப்பு அதுதான். அதற்கப்புறம் பாசனம் இல்லை, கடல்தான். பூம்புகாரில் சங்கமம் என்று காட்டிய இடத்தில் நான் நினைத்து வந்த ஆறு இல்லை. எங்கள் தெருவைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். மணலைத் தாண்டி ஓசையில்லாமல் கடலுக்குள் போனது. முதலில் ஏமாற்றம். பிறகு, வழியில் இரண்டு நாளும் பார்த்த வாய்க்கால், வயல் எல்லாம் நினைவுக்கு வந்தது. மீதி ஆறு அங்கேயெல்லாம் நின்றுவிட்டது.

கடற்கரையில் காற்று முதுகுக்கு வந்தது. உப்பளத்துக்காரி அக்கா சொன்ன கோயிலில் அரை மணி இல்லை, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் காரைக்காலைச் சாயங்காலம்தான் கடந்தேன். எச்சரிக்கை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நாகூரில் வாடா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்றிரவு நாகப்பட்டினம்.

கடைசி நாள் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வானம் கிடந்தது. கோடியக்கரைக் காட்டுக்குள் வெளிமான் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது, பக்கத்தில் குதிரைகள் மேய்ந்தன, தூரத்து நீரில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பைனாகுலர் வைத்திருந்தவர் பூநாரை என்றார். கோடிக்குழகர் கோயிலையும் பார்த்துவிட்டேன் ஐயா, நீங்கள் சொன்ன 127. ஊருக்குத் திரும்ப, சைக்கிளைக் குட்டியானையில் திருத்துறைப்பூண்டி வரை ஏற்றி வந்தேன்.

வெட்கத்தோடு இன்னொன்று. கிளம்பும்போது அம்மா மண்டபத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன், பூம்புகாரில் கடலில் ஊற்ற. மயிலாடுதுறை தாண்டியதும் முள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. பக்கத்து வாய்க்கால் வறண்டு கிடந்தது. அந்தத் தண்ணீரைத்தான் டியூப் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குமிழி பார்த்து ஒட்டினேன். எல்லாம் வாய்க்காலில் வழிந்துவிட்டது. எப்படியும் கடலுக்குத்தானே போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைமடையான் எழுதியது:

எங்கே போகும் தம்பி? வாய்க்காலில் விட்டீர்கள் அல்லவா, அடுத்த வயல்காரர் மடையைத் திறந்துவிட்டிருப்பார்.